ராத்திரி விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு

திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும், ஓ.எம்.ஆர். பக்கத்து பி.ஜி.க்களிலும், கோவை, மதுரை, திருச்சிக் கல்லூரி விடுதிகளிலும், திருப்பூர் பனியன் கம்பெனித் தங்குமிடங்களிலும் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

இந்த மடல் மூட்டைப்பூச்சியைப் பற்றியது. இதற்கெல்லாம் ஒரு மடலா என்று கேட்பவர்கள், அது குடியேறிய அறையில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் படுத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது முதுகு அரித்து எழுந்து, செல்போன் வெளிச்சத்தில் மெத்தையைப் புரட்டிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், திரும்பப் படுக்கவும் மனம் வராமல் உட்கார்ந்திருப்பீர்கள். சுவரில் சாயவும் பயமாக இருக்கும். காலையில் எட்டு மணி ஷிஃப்ட். அல்லது குரூப்-2 தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான். பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவரிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, சொல்லாமலே விட்டிருப்பீர்கள்.

அப்படிச் சொல்லாமல் விடுவதைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக எழுதுகிறேன். மருந்து, வெந்நீர், வெயில் எல்லாம் அதற்குப் பிறகு.

வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. கரப்பானுக்குச் சிந்திய சாப்பாடு வேண்டும், ஈக்குக் குப்பை வேண்டும். மூட்டைப்பூச்சிக்கு வேண்டியது ரத்தம் ஒன்றுதான். அது பிறந்ததிலிருந்து சாகும்வரை வேறு எதையும் தின்பதில்லை. தினமும் இரண்டு வேளை குளித்து, படுக்கை விரிப்பை வாரம் தவறாமல் துவைக்கிறவர் அறையிலும் அது வாழும். பிரான்ஸ் நாட்டின் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், 2017 முதல் 2022 வரையான காலத்தில் அந்த நாட்டுக் குடும்பங்களில் 11 சதவீதத்தின் வீட்டில் மூட்டைப்பூச்சி புகுந்திருந்தது என்று சொல்லியிருக்கிறது. அதே வருடம் பாரிஸ் நகரத்தின் ரயிலிலும் சினிமாத் தியேட்டரிலும் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது நினைவிருக்கும். அடுத்து தென்கொரியாவில் அரசாங்கமே தனிக்குழு போட வேண்டியிருந்தது. வாஷிங் மெஷினும் வாக்குவம் கிளீனரும் வீட்டுக்கு வீடு இருக்கிற நாடுகள் இவை.

எகிப்தில் அமர்னா என்ற ஊரில் பாரோ மன்னர்களின் கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கியிருந்த குடியிருப்பைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், அங்கே மூட்டைப்பூச்சியின் எச்சங்களைக் கண்டெடுத்தார்கள். மூவாயிரம் வருடங்களுக்கும் மேற்பட்டவை அவை. வேலைக்காக ஊர்விட்டு வந்து நெருக்கமாகப் படுத்துக்கொள்ளும் மனிதர்கள் இருக்கிற இடமெல்லாம் அதுவும் கூடவே இருந்திருக்கிறது. காரணம் நெருக்கம். உங்கள் அறையில் நாலு கட்டில், பக்கத்து அறையில் நாலு கட்டில், நடுவே ஒரு செங்கல் கனச் சுவர், அதில் வயர் போக ஒரு ஓட்டை. மாதாமாதம் ஒருவர் காலி செய்து போவார், ஒருவர் பெட்டியோடு வருவார். இப்படி ஒரு கட்டடத்தில் அது இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம்.

அது ஏன் கண்ணில் படுவதில்லை என்று சொல்கிறேன், கேளுங்கள். வளர்ந்த பூச்சி ஐந்து மில்லிமீட்டர் நீளம். ரத்தம் குடிக்காதபோது தட்டையாக இருக்கும்; ஏ.டி.எம். கார்டின் ஓரம் நுழைகிற இடுக்கு எதுவானாலும் அதற்குப் போதும். இப்போதுதான் பொரித்த குஞ்சு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நிறமும் அநேகமாக இல்லை. வெள்ளைத் தலையணை உறைமீது ஊர்ந்தாலும் வயிற்றில் ரத்தம் இருந்தால்தான் தெரியும். இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. ஆனால் நம் ஊரில் அதிகம் இருக்கிற வெப்பமண்டல வகைக்கு வழவழப்பான பரப்பிலும் ஏறத் தெரியும். வெளிநாட்டில் கட்டில் காலுக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் பொறிக் கிண்ணத்தை நம்பி இங்கே வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கிண்ணம், வழவழப்பான சுவரில் ஏற முடியாமல் பூச்சி உள்ளேயே கிடக்கும் என்ற நம்பிக்கையில் செய்தது. நம் ஊர்ப் பூச்சியில் பல அதில் ஏறி வெளியே வந்துவிடும்.

இருட்டில் நம் மூச்சில் வரும் கரியமில வாயுவும் உடம்புச் சூடும்தான் அதற்கு வழிகாட்டி. வந்து உட்கார்ந்து ஐந்து பத்து நிமிடம் குடிக்கும். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் வைக்கிற பொருளும், ரத்தக்குழாயை விரியச் செய்கிற பொருளும் இருக்கின்றன. கடி நமக்குத் தெரியாது. அரிப்பு தொடங்கும்போது அது கட்டில் சட்டத்துக்குள் திரும்பிப் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். நீங்கள் விளக்கைப் போட்டுத் தேடுவது, ஆள் போன பிறகு வாசலைப் பூட்டுகிற வேலை.

இதில் இன்னொரு சங்கதி உண்டு; அறைகளில் சண்டை வருவது இதனால்தான். எல்லாருக்கும் தடிப்பு வராது. ஒரே கட்டிலில் படுத்தாலும் ஒருவருக்குக் கையெல்லாம் வரிசையாகச் சிவந்து வீங்கும், மற்றவர் உடம்பில் ஒரு புள்ளி இருக்காது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கடிபடுகிறவருக்குத் தடிப்பு வரச் சில நாட்கள்கூட ஆகலாம். "எனக்குக் கடிக்கவே இல்லையே, உனக்கு மட்டும் எப்படிக் கடிக்குது?" என்று கேட்கிற அறைநண்பர் பொய் சொல்லவில்லை. அவரையும் கடிக்கிறது, அவர் தோல் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ரெஜின் கிரீஸ் என்ற ஆய்வாளர் இருக்கிறார். மூட்டைப்பூச்சிகளை ஒரே இடத்தில் கூடவைக்கும் வாசனை எது என்று கண்டுபிடிக்க அவரும் அவர் கணவரும் வருடக்கணக்காக உழைத்தார்கள். ஆய்வகத்தில் பூச்சிகளை உயிரோடு வைத்திருக்க ரத்தம் வேண்டுமே! ரெஜினைக் கடித்தால் பெரிய தடிப்பு வராது என்பதால் தன் கையையே கொடுத்தார். 1,80,000 கடி வாங்கினார். கடைசியில் அவர்கள் கண்டது, பூச்சி உரித்துப்போட்ட தோலில் இருக்கும் ஹிஸ்டமின் உட்பட ஆறு பொருள்களின் கலவை. 2014-ன் இறுதியில் அந்த முடிவு வெளியானது. நம்மை ராத்திரி எழுப்புகிற ஒரு சின்ன உயிரின் ஒரே ஒரு பழக்கத்தைப் புரிந்துகொள்ள அத்தனை பாடு. இரண்டு ராத்திரி தேடிக் கிடைக்கவில்லை என்றால் மனதைத் தளரவிடாதீர்கள்.

தேட வேண்டியது பூச்சியை அல்ல, அது விட்டுப்போன தடத்தை. அதுவும் பகலில், நல்ல வெளிச்சத்தில். மெத்தையின் ஓரத் தையலை விரலால் விரித்துப் பாருங்கள். பேனா முனையால் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பழுப்பாகப் பரவும். அது செரித்த ரத்தம். பக்கத்தில் உரித்த தோல் வெளிறிய பழுப்பாக, பூச்சியின் அதே வடிவத்தில், உள்ளே ஒன்றுமில்லாமல் கிடக்கும். முட்டை ஒரு மில்லிமீட்டர், முத்து வெள்ளை. தட்டினால் விழாது, பசை போட்டு ஒட்டியிருக்கும். இரும்புக் கட்டிலாக இருந்தால் குழாயின் முனையைப் பாருங்கள். பிளாஸ்டிக் மூடி என்றோ விழுந்துபோயிருக்கும். அந்த வாய்க்குள் டார்ச்சை அடித்தால் பெரிதும் சிறிதுமாகக் குடும்பமே ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி உட்கார்ந்திருப்பது தெரியும். வெளிச்சம் பட்டதும் இன்னும் உள்ளே போகும். போல்ட் ஓட்டை, பலகையின் அடிப்பக்கம், சுவரில் மாட்டிய சாமிப் படத்தின் பின்பக்கம், ஸ்விட்ச் போர்டு, பெல்ட்டின் மடிப்பு, செருப்பில்லாத ஷூ ரேக் என்று ஒன்றையும் விடாதீர்கள். நசுக்கினால் வருகிற அந்தக் குமட்டும் வாடையை ஒருமுறை முகர்ந்தவருக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது.

அது நோய் பரப்புமா என்று தங்கைகள் பலர் கேட்பதுண்டு. மனிதர்களுக்கிடையே மூட்டைப்பூச்சி எந்த நோயையும் பரப்புவதாக இதுவரை உறுதிப்படவில்லை. கொசுவுக்குப் பயப்படுவதுபோல் பயப்பட வேண்டாம். ஆனால் 'நோய் இல்லையே, பொறுத்துக்கொள்' என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தூக்கம் போவது சின்ன விஷயமா? சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கும். ஒன்றும் கடிக்காத இடத்திலும் ஏதோ ஊர்வதாகவே இருக்கும். பேருந்தில் உட்காரும்போதும் சட்டைக் காலரைத் தடவிப் பார்ப்பீர்கள். படிப்பில் பின்தங்கி, வேலையில் ஏச்சு வாங்கி, காரணத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஒரு உடல்நலப் பிரச்சினைதான்.

நான் திருவல்லிக்கேணியில் சில வருடங்கள் இருந்த மேன்ஷனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி புதிதாக வந்து சேர்ந்தார். அவர் வந்து சில வாரத்தில் கடி ஆரம்பித்தது. அறையில் மூத்தவர் ஒருவர், "நீ கொண்டுவந்த பெட்டியிலதான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். அவர் ஊர், அவர் வீடு, அவர் துணி எல்லாமே பேச்சுக்குள் வந்தன. ஒரு நாள் சாயங்காலம் அந்தத் தகரப் பெட்டியும் கோரைப்பாயும் வராந்தாவில் இருந்தன. அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வேறு எங்கோ போய்விட்டார். கடி நிற்கவில்லை. கட்டில்களைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, சுவரோரக் கட்டிலின் சட்டத்தில் பழைய தோல்கள் கனமாகப் படிந்திருந்தன. சில வாரத்தில் அப்படிப் படியாது. அந்தத் தம்பி வருவதற்கு வெகுகாலம் முன்பே அது அங்கே இருந்திருக்கிறது.

பஞ்சதந்திரத்தில் இதே கதை இருக்கிறது. ராஜாவின் படுக்கையில் ஒரு பேன் சத்தம் காட்டாமல் காலம் தள்ளிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு மூட்டைப்பூச்சி வந்து இடம் கேட்கும். பேனும் இடம் கொடுக்கும். மூட்டைப்பூச்சி அவசரப்பட்டு, ராஜா விழித்திருக்கும்போதே கடித்துவிடும். சேவகர்கள் விளக்கோடு ஓடிவருவார்கள். கடித்தது கட்டில் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். துணி மடிப்பில் இருந்த பேன் அகப்பட்டு அடிபட்டுச் சாகும். அந்தக் கதையை எழுதியவர் எங்கோ ஒரு படுக்கையில் இதை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது பழி வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வேலைக்கு வந்த பையன்கள் கொண்டுவந்ததாகப் பல விடுதிகளில் பேசுகிறார்கள். இதை நம்பாதீர்கள். நம் தாத்தா காலத்தில் கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு வெந்நீர் ஊற்றியதும், டூரிங் டாக்கீஸ் பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்து நின்று படம் பார்த்ததும் எந்த வடக்கத்திப் பையனும் வருவதற்கு முன்னால் நடந்தவை. யார் கொண்டுவந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தால் அடுத்து கடிபடுகிறவர் வாயைத் திறக்கமாட்டார். அவர் சொல்லாத ஒவ்வொரு வாரமும் பெண்பூச்சி ஒன்று நாளுக்கு ஒன்று முதல் ஐந்து முட்டைவரை வைத்துக்கொண்டிருக்கும். முட்டை பொரிய ஆறு முதல் பத்து நாள். நம் ஊர்ச் சூட்டில் ஒன்றரை மாதத்துக்குள் குஞ்சு ஐந்து முறை தோலுரித்து முட்டையிடத் தயாராகிவிடும். ஓர் அறையில் நின்றிருக்க வேண்டியது ஒரு மாடி முழுக்க ஏறுவது இப்படித்தான்.

இனி மருந்து. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. வந்தபோது மூட்டைப்பூச்சி ஒழிந்துவிடும் என்றே நம்பினார்கள். அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய வருடமே ஹவாயில் பேர்ல் ஹார்பர் படைவீரர் குடியிருப்பில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைப் பார்த்துவிட்டார்கள். நம் நாட்டில் 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். மலேரியா பெருமளவு குறைந்தது. மூட்டைப்பூச்சியும் முதலில் செத்தது, அப்புறம் சாகவில்லை. மருந்தடித்த நாடுகள் பலவற்றில், மூட்டைப்பூச்சி சாகாததைப் பார்த்த ஜனங்கள் மருந்தே வீண் என்று மலேரியாப் பணியாளர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

இன்று கடையில் கிடைக்கும் ஸ்பிரேக்களும் கொசுவர்த்திகளும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. டி.டி.டி.யும் பைரித்ராய்டும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. ஒன்றை வென்ற பூச்சிக்கு மற்றது பாதி தெரிந்த எதிரி. போதாததற்கு, மருந்தைத் தாங்கும் பூச்சிகளின் மேல்தோல் தடிமனாக இருக்கிறது என்று சிட்னியில் ஆராய்ந்தவர்கள் 2016-ல் காட்டினார்கள். நீங்கள் ஸ்பிரேயை அடிக்கும்போது நாலு பூச்சி வெளியே ஓடிவருவதைப் பார்த்து வேலை செய்கிறது என்று நினைப்பீர்கள். அவை பக்கத்து அறைக்கு ஓடுகின்றன. அறை முழுக்கப் புகை கக்கும் டப்பாக்களை ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012-ல் சோதித்துப் பார்த்தார்கள். இடுக்கில் இருந்த பூச்சிகளுக்கு அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. அந்துருண்டையும் கற்பூரமும் வேப்பிலையும் கட்டிலடியில் வைத்து ஏமாறாதீர்கள்.

கடை மருந்து பலிக்கவில்லை என்றதும் அடுத்த படியாக, வயலுக்கு அடிக்கிற மருந்தை ஊரிலிருந்து பாட்டிலில் கொண்டுவருகிறார்கள். பல வருடங்கள் மூட்டைப்பூச்சிக்கென்றே வீடுகளில் அடித்துவந்த டைக்குளோர்வாஸ், 2018-ல் ஒன்றிய அரசு போட்ட உத்தரவின்படி 2020 இறுதியோடு தடைசெய்யப்பட்டுவிட்டது. அதை இன்னமும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். படுக்கிற மெத்தையில் அதை அடித்தால் சுவாசிப்பது நீங்கள்தான். அதைவிடக் கொடியது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. தானியக் கிடங்குக்கானது. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு வரும். அதற்கு மாற்றுமருந்து இல்லை. கதவிடுக்கு வழியாகவும் வயர் ஓட்டை வழியாகவும் பக்கத்து அறையில் தூங்குகிறவரிடம் போகும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்கு மருந்து வைத்த ஒரு வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். மூடிய அறை, ஏ.சி., உள்ளே தூங்கும் மனிதர்கள் என்று உங்கள் அறையும் அப்படித்தான் இருக்கிறது. யார் சொன்னாலும் அந்த மாத்திரையை உள்ளே விடாதீர்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஊற்றுவதும் அப்படியே. ஒரு பிளக் பாயிண்ட் பொறி போதும். ஆள் வைத்து மருந்தடித்தால், பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ன் கீழ் அவர்களுக்கு உரிமம் இருக்கிறதா, அடிப்பது என்ன மருந்து, எத்தனை மணி நேரம் உள்ளே வரக்கூடாது என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

மருந்துக்குப் பழகிய பூச்சி சூட்டுக்குப் பழகவில்லை. பெரியவர்கள் வெந்நீரை எடுத்தது சரியான வேலை. பூச்சியும் முட்டையும் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிழைக்காது. சூடு உள்ளே போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கட்டிலை வெளியே எடுத்து, கொதிக்கிற தண்ணீரைக் குழாய் வாயிலும் போல்ட் ஓட்டையிலும் மெதுவாக ஊற்றுங்கள். ஆறிய தண்ணீர் அதைக் குளிப்பாட்டத்தான் உதவும். காய்ந்த பிறகு குழாய் வாய்களை எம்-சீல் வைத்து அடையுங்கள். சுவர் விரிசலுக்கு வெள்ளைச் சிமெண்டோ பட்டியோ போதும். ஸ்விட்ச் போர்டு பக்கம் தண்ணீர் கொண்டுபோகாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினை அணைத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

துணிக்கு வெந்நீரில் ஊறவைத்துத் துவைப்பதும், தையல், காலர், பட்டி எல்லாம் விடாமல் சூடாக இஸ்திரி போடுவதும் நல்ல வழி. தெருமுனை இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டிக்குத் தப்புகிற முட்டை இல்லை. வெயிலை மட்டும் முழுக்க நம்பாதீர்கள். மெத்தையை மொட்டைமாடியில் விரித்தால் மேல்பக்கம் சுடும், பூச்சி அடிப்பக்க நிழலுக்கு நடந்துவிடும். மே மாத வெயிலில், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியைத் தளர்வாகப் போட்டு வாயைக் கட்டிச் சூடேறிய தரையில் நாள் முழுக்க வைத்தால் பலன் உண்டு. திணித்துக் கட்டினால் நடுவில் இருக்கிற துணிக்குச் சூடு போகாது. மெத்தையை மாற்ற முடியாதென்றால், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் முழுக்க மூடி அந்த ஜிப்பைத் திறக்காமல் வைத்திருங்கள். உள்ளே இருப்பவை பட்டினியில் சாகும், நாளாகும். தூக்கிப்போடத்தான் வேண்டுமென்றால் கத்தியால் கிழித்து, 'மூட்டைப்பூச்சி' என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். இல்லாவிட்டால் அது நல்ல மெத்தை என்று யாராவது தன் பிள்ளை படுக்க எடுத்துப்போவார்.

ஒரு தடவை செய்தால் போதாது. மிஞ்சிய முட்டை பொரிந்திருக்கும் கணக்கில் இரண்டு வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும். அதன்பின் இரண்டு மாதம் தையலையும் குழாயையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அறையைப் பூட்டிவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் செத்துவிடும் என்று எண்ணாதீர்கள். அது மாதக்கணக்கில் பசி தாங்கும். ஊருக்குப் போகிற அன்றைக்குப் பையை வீட்டுக்குள் கட்டில்மீது வைக்காமல் வாசலிலேயே பிரித்து, துணியை நேராக வெந்நீரில் போடுங்கள். அம்மாவிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அவர்களுக்கு உங்களைவிட இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

விடுதி நடத்துகிறவர்களிடம் ஒருவர் போய்ச் சொன்னால் வருகிற பதில் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். "இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை, நீங்கதான் கொண்டு வந்திருப்பீங்க." அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் அவர் திரும்பிவிடுவார். நியூயார்க் நகரத்தில் 2010-ல் ஒரு சட்டம் செய்தார்கள். புதிதாகக் குடிவருகிறவரிடம், அந்த வீட்டிலும் கட்டடத்திலும் கடந்த ஒரு வருடத்தில் மூட்டைப்பூச்சி இருந்ததா என்று வீட்டுக்காரர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். நம் மாநிலத்தில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் ஒரு சட்டம் வந்தது. அவற்றை நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும், ஆண்கள் தங்கும் மேன்ஷன்களுக்கும் பி.ஜி.க்களுக்கும் இது பொருந்த வேண்டும் என்று நாம் கேட்கலாம். கட்டில், சுவர், வயர் ஓட்டை எல்லாம் நடத்துகிறவருடையது. வாடகை வாங்குகிறவர் தூங்குவதற்கு இடம் கொடுப்பதாகச் சொல்லித்தான் வாங்குகிறார்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவு. உங்கள் மாடியில் இருக்கிற எல்லா அறைகளிலும் கேளுங்கள். கூச்சப்படாமல் நீங்களே முதலில், "எங்க ரூம்ல இருக்கு, உங்க ரூம்ல இருக்கா?" என்று ஆரம்பியுங்கள். இருக்கிறது என்று சொன்ன அறை எண்களை எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, நடத்துகிறவரிடம் சேர்ந்து போய்க் கொடுங்கள். மொழி தெரியாத பையன்கள் இருக்கிற அறையை விட்டுவிடாதீர்கள். செல்போனில் படத்தைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு, எல்லா அறைக் கட்டிலையும் ஒரே நாளில் வெளியே எடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்தக் கட்டில்களில் படுத்த ஓர் அண்ணன்